மரத்தைத் தாங்கும் இறந்த செல்கள்

தாமரையின் இலைக்காம்பை ஒடித்து இரண்டு துண்டுகளையும் மெல்ல விலக்கினால், நடுவே மிக மெல்லிய நூல்கள் நீண்டு வரும். மியான்மரின் இன்லே ஏரிப்பகுதியில் இந்த நூலைத் திரித்துத் தறியேற்றித் துணி நெய்கிறார்கள். நூலை நுண்ணோக்கியில் பார்த்தால் அது நேர்க்கோடாக இருக்காது, சுருண்டு சுருண்டு போகும். காம்புக்குள் தண்ணீர் ஏறும் சைலம் என்னும் குழாய்களின் உட்சுவரில் படிந்திருந்த சுருள் தடிப்பு அது. காம்பு ஒடியும்போது குழாயின் மெல்லிய பகுதி கிழிகிறது, உறுதியான சுருள் மட்டும் பிரிந்து நீள்கிறது. அந்தச் சுருளைக் கட்டிய செல்கள், காம்பு வளர்ந்துகொண்டிருந்தபோதே இறந்துவிட்டவை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மதில்களிலும் கிணற்றுச் சுவர்களிலும் பச்சையாகப் படர்வதைப் பாசி என்கிறோம். குளத்தில் மிதக்கும் பாசி ஆல்கா. மதில்மேல் தொட்டால் மெத்தென்றிருப்பது பெரும்பாலும் மாஸ் என்னும் செடி. அதற்குத் தண்டுபோல ஒன்றும் இலைபோலச் சிலவும் உண்டு. அதைக் கிள்ளினால் நூல் எதுவும் வராது. இலையின் நடுவே ஒரு கோடு தெரியலாம், ஆனால் அதற்குள் சைலக் குழாய் கிடையாது. அடியில் இருக்கும் ரோமம் போன்ற வேரிகளின் முதல் வேலை சுவரைப் பற்றிக்கொள்வது.

நிலத்தில் வாழும் செடிகளைத் தாவரவியல் இந்த ஒரு வேற்றுமையை வைத்துத்தான் இரண்டாகப் பிரிக்கிறது. குழாய்த் திசு உள்ளவை வாஸ்குலார் தாவரங்கள்: பெரணி, சைகஸ், ஊசியிலை மரங்கள், நெல், வாழை, ஆலமரம் என்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அது இல்லாதவை பிரையோபைட்டுகள். மாஸ், லிவர்வோர்ட், ஹார்ன்வோர்ட் மூன்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 20,000 இனங்கள். பள்ளிப் பாடத்தில் இந்த வேற்றுமை ஓர் அட்டவணையாக வந்து போய்விடும். இடப்பக்கம் ‘உண்டு’, வலப்பக்கம் ‘இல்லை’. அந்த அட்டவணை என்னை ஒருபோதும் திருப்திப்படுத்தியதில்லை. ‘இல்லை’ என்ற பக்கத்தில் நிற்கும் செடி 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக எப்படிப் பிழைத்து வந்தது என்பதை அது சொல்வதில்லை.

மாஸ் பிழைக்கும் வழியை முதலில் பார்ப்போம். பெரும்பாலான மாஸ்களின் இலை ஒரே ஒரு செல் தடிமன்தான். மா இலையின் மேல் இருப்பதுபோன்ற கனமான மெழுகுப் பூச்சு இல்லை. அதனால் மழைத்துளியோ பனியோ மூடுபனியோ எதுவாயினும் உடல் முழுவதும் நேரடியாக உள்ளே போகும். போன வேகத்தில் வெளியேயும் வந்துவிடும். காற்று ஈரமாக இருந்தால் செடியும் ஈரம், காற்று காய்ந்தால் செடியும் காய்கிறது. இந்தியாவின் சுவர்களில் பரவலாக வளரும் ஹையோபிலா இன்வொலூட்டா என்ற மாஸ் வெயில் ஏறியதும் இலைகளை உட்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு பழுப்பாகிக் கிடக்கும். பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்றே எண்ணுவார்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் சில நிமிடங்களில் இலைகள் விரிந்து பச்சை திரும்புகிறது. உலர்ந்து கிடந்த காலத்தில் அதற்கு உணவுத் தயாரிப்பும் இல்லை, செலவும் இல்லை. உயிரின் வேலைகள் அனைத்தும் நின்று, செல்லின் கட்டமைப்பு மட்டும் குலையாமல் இருந்திருக்கிறது.

இந்தத் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதை அண்டார்க்டிகா காட்டியது. அந்தக் கண்டத்தில் பூக்கும் தாவரங்கள் இரண்டே இனம், மாஸ்களோ பல. அங்குள்ள சிக்னி தீவில் உறைமண்ணுக்குள் புதைந்திருந்த மாஸ் படிவத்தைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் துளைத்தெடுத்து, பக்குவமான ஈரமும் ஒளியும் கொடுத்து வைத்தார்கள். 1500 ஆண்டுகளுக்கும் மேலாகப் பனியில் கிடந்த அடுக்கிலிருந்து புதிய தளிர்கள் கிளம்பின. இந்த முடிவு வெளிவந்தது 2014இல். ஒரு தென்னங்கன்றைப் பத்து நாள் தண்ணீரில்லாமல் வெயிலில் போட்டுவிட்டு இதை நினைத்துப் பார்த்தால், தாழ்நிலைத் தாவரம் என்று எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

ஆனால் மாஸ் உயரமாக வளர முடியாது. காரணம் வெறும் கணக்கு. செல்லுக்குச் செல் தானாகப் பரவும் முறையில் ஒரு பொருள் போகும்போது, தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகிறது. ஒரு செல்லின் நீளத்தை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கை, ஒரு சர்க்கரை மூலக்கூறு இரண்டு மூன்று நொடிகளில் கடக்கும். அதே மூலக்கூறு அதே முறையில் ஒரு மீட்டர் போக 30 ஆண்டுகளுக்கு மேலாகும். விரல்நுனி உயரமுள்ள செடிக்கு முதல் கணக்கு போதும். முருங்கைக்குப் போதாது.

இனி மறுபக்கம். உயர வேண்டிய செடி காற்றில் காயக்கூடாது. ஆகவே உடலை மெழுகால் மூடுகிறது. மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. ஆகவே இலையில் திறந்து மூடும் துளைகளை வைக்கிறது. துளை திறந்ததும் வாயு வரும் வழியிலேயே நீராவி வெளியேறுகிறது, அதுவும் உள்ளே வரும் ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்குப் பல நூறு நீர் மூலக்கூறுகள் என்ற கணக்கில். வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் இப்படி ஆவியாகிப் போய்விடுகிறது. இந்த இழப்பை ஈடுகட்ட ஓயாமல் தண்ணீர் மேலேறிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தடையில்லாத குழாய் வேண்டும். உயிருள்ள செல் தடையில்லாத குழாயாக முடியாது. அதன் உள்ளே நியூக்ளியஸ் இருக்கிறது, சவ்வுகள் இருக்கின்றன, கூழ் இருக்கிறது.

செடி கண்ட வழி, செல்லைச் சாகவிடுவது. 1980இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஃபுகுதாவும் கொமாமினேவும் நம் வீட்டுத் தோட்டங்களிலும் பூக்கும் ஜினியாச் செடியின் இலைச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, இரண்டு வளர்ச்சி ஹார்மோன்கள் கலந்த கரைசலில் வளர்த்தார்கள். இலையில் ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருந்த செல்கள் மூன்று நான்கு நாட்களில் சைலச் செல்களாக மாறின. ஒரு செல் குழாயாவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க அந்தச் சோதனை வழி திறந்தது. செல் முதலில் தன் உட்சுவரில் செல்லுலோஸைச் சுருளாகவோ வளையமாகவோ வலையாகவோ அடுக்குகிறது. அந்த அடுக்குகளில் லிக்னின் என்னும் உறுதியான பொருள் ஊறி இறுகுகிறது. செல்லின் நடுவிலுள்ள பெரிய நீர்ப்பை, செரிக்கும் நொதிகளைச் சேமித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. சுவர் வேலை முடியும் தறுவாயில் அந்தப் பை உடைகிறது. கொட்டிய நொதிகள் நியூக்ளியஸின் டிஎன்ஏவைச் சில நிமிடங்களில் சிதைக்கத் தொடங்குகின்றன. பிறகு மீதமுள்ள அனைத்தும் கரைகின்றன. சில வகைகளில் மேல்சுவரும் கீழ்சுவரும்கூடத் துளைபடுகின்றன. மிஞ்சுவது வெற்றுக் குழாய். அடுத்த செல்லும் அதற்கடுத்ததும் இப்படியே செய்ய, ஒன்றன்மேல் ஒன்றாக நீளக் குழாய் அமைகிறது.

தாமரைக் காம்பில் சுருள் ஏன் இருந்தது என்பது இப்போது விளங்கும். வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பில் முழுச் சுவரையும் இறுக்கிவிட்டால் குழாய் நீள முடியாது. சுருள் நீளும். நீட்சி முடிந்த பகுதிகளில் உருவாகும் குழாய்களில்தான் சுவர் முழுவதும் தடிக்கிறது.

ஒரு மரத்தின் கட்டை என்று நாம் அறுப்பது ஏறக்குறைய முழுவதும் இந்தச் சைலம்தான். தச்சர்கள் தேடும் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உயிருள்ள செல்லே இல்லை. அது தண்ணீரையும் கடத்துவதில்லை, நிற்க மட்டும் உதவுகிறது. வெளிறிய வெளிவளையங்களில்தான் நீரோட்டம். அங்கும் நீர் ஓடுவது இறந்த செல்களின் வழியே. வளர்ந்த மரத்தின் நிறையில் மிகப் பெரும்பங்கு, தான் கட்டி முடித்த வேலைக்குள் கரைந்துபோன செல்களுடையது. தாவர உலகில் எனக்கு மிக வியப்பளிப்பது இதுதான். பூவோ விதையோ இதற்குப் பிறகே.

சரி, குழாய் கிடைத்தது. தண்ணீர் எப்படி ஏறுகிறது? வாயால் உறிஞ்சினாலும் பம்பால் உறிஞ்சினாலும், காற்றின் அழுத்தத்தைக் கொண்டு நீரை ஏற்றக்கூடிய எல்லை 10 மீட்டர் சொச்சம். கலிஃபோர்னியாவில் 2006இல் கண்டறியப்பட்ட ஹைப்பீரியன் என்னும் ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கு மேல் நிற்கிறது. நுண்குழாயில் நீர் தானே ஏறும் விளைவைச் சிலர் காரணமாகச் சொல்வதுண்டு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் அப்படி ஏறும் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். சுவரோரத்துப் புல்லுக்கு அது ஆகும்.

மரத்தின் உயிருள்ள செல்கள் நீரைத் தள்ளுகின்றன என்பது அடுத்த யோசனை. ஜெர்மனியின் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் இதை நேரடியாகவே சோதித்தார். 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஓக் மரத்தை அடியில் அறுத்து, அறுத்த முனையை உயிர்ச் செல்களைக் கொல்லும் நச்சுக் கரைசலில் நிறுத்தினார். நச்சு மேலேறியது. வழியிலிருந்த உயிர்ச் செல்களைக் கொன்றுகொண்டே ஏறியது. அவை செத்த பிறகும், அடுத்து வைத்த சாயக் கரைசல் தொடர்ந்து ஏறியது. 1891இல் அவர் வெளியிட்ட நூல் இந்தக் கேள்வியில் உயிர்ச் செல்களுக்கு இடமில்லை என்பதை நிறுவிவிட்டதாகப் பலர் கருதினார்கள். ஜகதீஷ் சந்திர போஸ் ஒப்புக்கொள்ளவில்லை. தண்டின் உட்புறச் செல்கள் துடிக்கின்றன, அந்தத் துடிப்பே சாற்றை ஏற்றுகிறது என்று 1923இல் சாறேற்றம் பற்றித் தனி நூலே எழுதினார். மின்னலைகளிலும் தாவரங்களின் மின் துலங்கலிலும் அவர் செய்த பணி பெரியது. ஆனால் சாறேற்றத்தில் அவருடைய விளக்கம் நிற்கவில்லை. துடிப்பதற்கு அந்தக் குழாய்களுக்குள் உயிரே இல்லை.

விடையை 1894இல் டப்ளினில் ஹென்றி டிக்சன் என்ற தாவரவியலாளரும் ஜான் ஜோலி என்ற இயற்பியலாளரும் முன்வைத்தார்கள். இருவரும் பேச்சைத் திருப்பிப் போட்டார்கள்: தண்ணீரை யாரும் கீழிருந்து தள்ளவில்லை, அது மேலிருந்து இழுக்கப்படுகிறது. இலைச் செல்களின் ஈரச் சுவரிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு ஆவியாகும்போது, அடுத்த மூலக்கூறு அந்த இடத்துக்கு இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் இழுவை இலையிலிருந்து காம்புக்கும், கிளைக்கும், அடிமரத்துக்கும், வேருக்கும் இறங்குகிறது. தேர் நகர்வது முன்னால் வடம் பிடிப்பவர்களால்தான், அதேபோல் முழு நீர்த்தம்பமும் மேல்முனையின் இழுப்பில் நகர்கிறது. இழுக்கும் ஆற்றல் முழுவதும் சூரியனுடையது. மரம் இதற்குத் தன் சர்க்கரையில் ஒரு துளியும் செலவழிப்பதில்லை. சைலக் குழாய்க்குள் நீர் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது என்பது இதன் பொருள். லிக்னின் இல்லாத மெல்லிய குழாயாக இருந்தால் இந்த இழுப்பில் உள்நோக்கி நசுங்கிப்போகும்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேல் இதை நேரடியாக அளக்க முடியாமல் இருந்தது. 1965இல் பெர் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் அளந்தார்கள். ஓர் இலைக்கொம்பை ஒடித்ததும், இழுவிசையில் இருந்த நீர் வெட்டுவாயிலிருந்து உள்ளே பின்வாங்கும். கொம்பை உறுதியான கலத்துக்குள் வைத்து, வெட்டுவாயை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நீர் மறுபடி வெட்டுவாய்க்கு வந்து நிற்கும். அந்த அழுத்தமே மரத்துக்குள் இருந்த இழுவிசையின் அளவு. உயரமான டக்ளஸ் ஃபர் மரங்களின் உச்சிக் கொம்புகளைக் குறிபார்த்துச் சுட்டு வீழ்த்தி எடுத்தார்கள்.

ஷோலாண்டரின் அளவைகளில் நமக்கு நெருக்கமானவை கண்டல் மரங்களைப் பற்றியவை. பிச்சாவரத்தின் சுரபுன்னை உப்புநீரில் வேரூன்றி நிற்கிறது. கடல்நீரிலிருந்து உப்பை விலக்கி நன்னீரை மட்டும் பிரித்தெடுக்க 25 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தம் தேவை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அதைக் கொடுப்பது மின்சாரத்தில் ஓடும் பம்பு. மரத்தில் கொடுப்பது இலையில் நடக்கும் ஆவியாதல். ஷோலாண்டர் அளந்த கண்டல் மரங்களில் இழுவிசை 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. வேரின் சவ்வுகள் உப்பைப் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்த, இறந்த செல்களின் வழியே நன்னீர் ஏறுகிறது.

இவ்வளவு இழுவையில் இருக்கும் நீர் எப்போது வேண்டுமானாலும் அறுபடலாம். மண் காய்ந்து இழுப்பு கூடும்போது, பக்கத்திலுள்ள காற்று நிரம்பிய குழாயிலிருந்து ஒரு குமிழி சுவரின் நுண்துளை வழியே புகுந்துவிட்டால் அந்தக் குழாய் முழுவதும் காற்றடைத்துப் பயனற்றுப்போகும். நீர்த்தம்பம் அறுபடும் அந்த நொடியில் எழும் சொடுக்கு ஒலியை 1966இலேயே கருவியால் கேட்டுப் பதிவுசெய்தார்கள். நிறையக் குழாய்கள் இப்படி அடைபட்டால், வேருக்கருகே பின்னர் மழை பெய்தாலும் உச்சிக்கு நீர் போகாது. 2012இல் 226 மர இனங்களின் அளவைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் சுமார் 70 விழுக்காடு இந்த ஆபத்துக்கு மிகக் கிட்டத்திலேயே வாழ்ந்துகொண்டிருப்பது தெரியவந்தது. மழைக்காட்டு மரமும் பாலைநில மரமும் அதில் ஒன்றுபோலவே இருந்தன. மழை மிகுந்த இடத்தில் வாழும் மரம் அந்த மழைக்கு ஏற்றபடி தாராளமாகச் செலவழித்துப் பழகியிருக்கிறது.

சைலத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டுப் புளோயத்தைக் குறைவாகச் சொல்வது முறையல்லதான், ஆனாலும் புளோயத்தைத் தமிழர்கள் நாக்கால் அறிவார்கள். பதநீர் புளோயச் சாறு. இலையில் உருவான சர்க்கரையைப் பூவுக்கும் காய்க்கும் வேருக்கும் கொண்டுபோகும் குழாய் புளோயம். பனையேறி, விரிய வேண்டிய பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் கட்டும்போது, நுங்குக்காகவோ பூவுக்காகவோ போய்க்கொண்டிருந்த சர்க்கரையை வழிமறிக்கிறார். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. காலையும் மாலையும் மறுபடி மறுபடி சீவக் காரணம், புளோயக் குழாய் வெட்டுப்பட்டவுடன் தன் வாயை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. சைலத்தைப் போலன்றிப் புளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல்கள் உயிருள்ளவை. நியூக்ளியஸை இழந்து, பக்கத்திலிருக்கும் துணைச்செல்லின் தயவில் வாழ்பவை. ஆல், வேம்பு போன்ற மரங்களில் ஆண்டுதோறும் புதிய புளோயம் உருவாகிறது. பனைக்கும் தென்னைக்கும் அந்த வசதியில்லை. அடிமரத்தில் உருவான சல்லடைக் குழாய்கள் அந்த மரம் வாழும் பல பத்தாண்டுகளும் உயிரோடு வேலை செய்தாக வேண்டும். நம் மாநில மரத்தைப் பற்றிப் பெருமை கொள்ள இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதிலிருந்து இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே தெளிவான கோடு இருப்பதாகத் தோன்றலாம். அந்தக் கோடு அவ்வளவு தெளிவானதன்று. மலைப்பகுதிகளில் வளரும் பாலிட்ரைக்கம் என்ற மாஸின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவே நீண்ட, உள்ளீடற்ற, இறந்த செல்கள் தெரியும். அவை தண்ணீர் கடத்துகின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பகுதிகளின் டாசோனியா என்ற மாஸ் இந்த ஏற்பாட்டின் துணையால் அரை மீட்டர் உயரம்வரை நிமிர்கிறது. ஹைட்ராய்டு என்றழைக்கப்படும் இந்தச் செல்களில் லிக்னின் தடிப்பு மட்டும் இல்லை. சைலச் செல்லைச் சாகச் சொல்லி உத்தரவிடும் மரபணுக் குடும்பத்தின் உறவினர்களே மாஸிலும் ஹைட்ராய்டுகளை உருவாக்குகின்றன என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரு செல்லைக் கொன்று அதன் வழியே நீரை அனுப்பும் உத்தி, இரண்டு கூட்டங்களும் பிரிவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ரைனி என்ற சிற்றூரும் இதையே சொல்கிறது. 1912இல் வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் அங்கே நில அமைப்பை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, கல்லுக்குள் செடித் தண்டுகள் இருப்பதைக் கண்டார். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வெந்நீர் ஊற்றுகளின் சிலிக்கா அந்தச் செடிகளை நின்ற நிலையிலேயே கல்லாக்கியிருந்தது. செல் செல்லாக அப்படியே. கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் அவற்றை விவரித்தார்கள். அவற்றில் ரைனியா மேஜர் என்று அவர்கள் பெயரிட்ட செடியை வாஸ்குலார் தாவரம் என்றே பல பத்தாண்டுகள் எண்ணிவந்தார்கள். 1986இல் மறுபடி ஆராய்ந்தபோது அதன் குழாய்ச் செல்களில் சைலத்துக்குரிய தடிப்புகள் இல்லை என்று தெரிந்தது. அவை மாஸின் ஹைட்ராய்டுகளை ஒத்திருந்தன. ஆனால் அது மாஸும் இல்லை, கிளைவிட்டுத் தனித்து நின்ற செடி. அக்லாவோஃபைட்டான் என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

கிளைவிட்டுத் தனித்து நிற்பது ஏன் முக்கியம்? இங்கேதான் இந்த இரு கூட்டங்களின் ஆழமான வேற்றுமை இருக்கிறது. அதைக் கண்டவர் லைப்சிக் நகரத்தில் தந்தையின் இசைநூல் கடையில் வேலை பார்த்தபடி, பல்கலைக்கழகப் படிப்பில்லாமல் தானே நுண்ணோக்கி பழகிய வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். 1851இல், 27 வயதில் அவர் வெளியிட்ட நூல், எல்லா நிலத்தாவரங்களும் இரண்டு தலைமுறைகளாக மாறி மாறி வாழ்கின்றன என்று காட்டியது. ஒரு தலைமுறை ஆண், பெண் இனச்செல்களை உருவாக்குவது, கேமீட்டோபைட். அவை கூடிப் பிறக்கும் அடுத்த தலைமுறை ஸ்போர்களை உருவாக்குவது, ஸ்போரோபைட். ஸ்போர் முளைத்தால் மறுபடி முதல் தலைமுறை. முதலாவதில் குரோமோசோம் ஒரு தொகுதி, இரண்டாவதில் இரண்டு தொகுதி என்பது பின்னர் தெரிந்தது.

மதில்மேல் நாம் காணும் பச்சை மாஸ் கேமீட்டோபைட். அதன் நுனியில் மெல்லிய காம்பும் சிறு உறையுமாக நிற்பதே ஸ்போரோபைட். அது தாய்ச்செடியைப் பிரிவதில்லை, கிளைவிடுவதில்லை, ஸ்போர்களை உதிர்த்துவிட்டு முடிந்துபோகிறது. பெரணியில் கதை தலைகீழ். நாம் தொட்டியில் வளர்ப்பது ஸ்போரோபைட். அதன் கேமீட்டோபைட் சில மில்லிமீட்டர் அளவுள்ள இதயவடிவப் பச்சைத் தகடு, பெரும்பாலானோர் கண்ணில் பட்டதே இல்லை. ஆலமரத்தில் அது மகரந்தத் துகளுக்குள்ளும் சூலுக்குள்ளும் ஒடுங்கிச் சில செல்களாகிவிட்டது. ஆக, மாஸையும் மரத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடும்போது, ஒரு பக்கம் வாழ்க்கையின் முதல் பாதியையும் மறுபக்கம் இரண்டாம் பாதியையும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாஸ் குட்டையாக இருப்பதற்கு இதிலும் ஒரு காரணம் கிடைக்கிறது. அதன் ஆண் இனச்செல் இரண்டு கசையிழைகளால் நீந்திப் போய்ப் பெண் செல்லை அடைய வேண்டும். அதற்கு மழைநீரின் மெல்லிய படலமாவது வேண்டும். இனச்செல் உருவாகும் உடல் தரையைவிட்டு மேலே போகப் போக அந்தப் படலம் கிடைப்பது அரிது. உயரம் ஸ்போரை உதிர்ப்பதற்குத்தான் பயன்படும். ஸ்போர் எவ்வளவு உயரத்திலிருந்து உதிர்கிறதோ அவ்வளவு தூரம் காற்றில் போகும். ஆகவே உயர்ந்து கிளைவிட்டுக் குழாய் அமைத்துக்கொள்வதில் ஸ்போரோபைட்டுக்கு லாபம் உண்டு, கேமீட்டோபைட்டுக்கு இல்லை. விதைத் தாவரங்கள் பின்னர் இந்த நீச்சலையே தேவையற்றதாக்கின. ஆனாலும் பழைய பழக்கம் சைகஸ் மரத்திலும் கிங்கோவிலும் மிஞ்சியிருக்கிறது. 1896இல் ஜப்பானின் ஹிராசேயும் இகேனோவும் முறையே கிங்கோவிலும் சைகஸிலும் நீந்தும் ஆண் செல்களைக் கண்டபோது தாவரவியல் உலகம் திகைத்துப்போனது.

மாஸ்களிலிருந்து மரங்கள் வந்தன என்று பல நூல்கள் எழுதிவிட்டன. அண்மை ஆண்டுகளின் மரபணு ஒப்பீடுகள் வேறு கதை சொல்கின்றன. மாஸும் லிவர்வோர்ட்டும் ஹார்ன்வோர்ட்டும் ஒரே மூதாதையிலிருந்து வந்த ஒரு குடும்பம். வாஸ்குலார் தாவரங்கள் அதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் பொதுவான மூதாதை, இன்றைய எளிய லிவர்வோர்ட்டைவிடச் சிக்கலான அமைப்புடையதாகவே இருந்திருக்க வேண்டும். பிரையோபைட்டுகள் பலவற்றை வழியில் துறந்திருக்கின்றன. மாஸின் ஸ்போர் உறையில் இலைத்துளைகள் உண்டு, லிவர்வோர்ட்டுகளில் இல்லை என்பது அத்தகைய துறத்தலின் ஓர் அடையாளம்.

குழாய் கண்ட கூட்டம் உலகத்தையே மாற்றியது என்பதிலும் ஐயமில்லை. லிக்னினைச் செரிப்பது பெரும்பாலான நுண்ணுயிர்களுக்குக் கடினம். எனவே சதுப்பில் விழுந்த மரம் கரியாகும்வரை தாங்கியது. ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரியும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் வாஸ்குலார் தாவரங்களின் மிச்சம். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தக் கல்லை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் சைலக் குழாய்களின் வட்டங்கள் இன்றும் தெரியும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம் அதைவிடப் பழையது, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தது. மாஸ்களுக்கு இப்படிப்பட்ட சாட்சிகள் மிகக் குறைவு, அவற்றின் மெல்லிய உடல் எளிதில் மட்கிவிடுகிறது.

இன்றைய காட்டில் இவ்விரு கூட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று வாழ்கின்றன. கொடைக்கானலின் சோலைக்காடுகளில் அடிமரமும் கிளையும் மாஸால் மூடியிருக்கும். மூடுபனியை மாஸ் பிடித்துவைக்கிறது, பட்டை ஈரமாக இருக்கிறது, அந்த ஈரத்தில் ஆர்க்கிட் விதைகளும் பெரணி ஸ்போர்களும் முளைக்கின்றன. எல்லா மாஸும் மதில் மாஸைப் போல வெயில் தாங்குவதில்லை. நிழலுக்குப் பழகிய சோலை இனங்கள், மேலுள்ள மரம் வெட்டப்பட்டால் சில நாட்களிலேயே வெளிறிப்போகும். செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபொரோ பழனி மலைகளின் மாஸ்களைத் திரட்டி ஆராய்ந்து, 1961இல் பட்டியலை வெளியிட்டார். தமிழ்நாட்டின் பிரையோபைட்டுகள் அனைத்துக்குமான பட்டியல் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் தாவரவியலாளரால் 2010இல் வந்தது. மரங்களையும் பூச்செடிகளையும் அடையாளம் காணத் தமிழில் வண்ணப்பட நூல்கள் வரத் தொடங்கிவிட்டன. சுவரில் இருப்பது எந்த மாஸ் என்று ஒரு மாணவி பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸோடு உட்கார்ந்து பார்க்க, அவள் மொழியில் ஒரு கையேடு வேண்டும். முதல் பக்கத்துக்கு ஹையோபிலாவே போதும். தண்ணீர் தெளித்து, இலை விரிவதைப் பார்த்து, நுனியில் ஸ்போர் உறை இருக்கிறதா என்று தேடத் தொடங்கலாம்.